வீட்டு உபயோகத்துக்கு மட்டும்

சினிமா பிடிக்காதவர்களாகப் பார்த்துத்தான் இந்த வேலைக்கு எடுப்பார்கள். நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எப்போது படம் பார்த்தீர்கள்?" என்பதுதான். நினைவில்லை என்றேன். உண்மையாகவே நினைவில்லை. மறுவாரமே பணி ஆணை வீட்டுக்கு வந்துவிட்டது.

ஒப்புநோக்கு அலுவலர் என்பது பதவியின் பெயர். கோவையில் இருந்த நகல் தீர்ப்பாயத்தில் இருபத்தாறு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் அசல் படம் ஓடும். இன்னொரு பக்கம் நகல் என்று சந்தேகப்பட்ட சரக்கு ஓடும். இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்துச் சான்று எழுத வேண்டும். வழக்கோடு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாய்கூசாமல் பொய் சொல்லுவார்கள். "சொந்தப் படம் சார், வீட்டுல பார்க்கத்தான் இன்னொண்ணு எடுத்தேன்" என்பார்கள். வீட்டைத் துழாவினால் தெருவுக்கே கொடுக்கிற அளவுக்குப் பிரதிகள் இருக்கும். அதனால் 'வீட்டு உபயோகம்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும்.

கோகிலவாணி அம்மாளின் மனுவைப் படித்தபோதும் முதலில் எரிச்சல்தான் வந்தது. 'நானும் என் கணவரும் காசு கொடுத்து வாங்கிய படத்தின் நகலை என் தலைக்குள் வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும்' என்று எழுதியிருந்தார். கிறுக்குத்தனம் என்று நினைத்தேன்.

கிறுக்குத்தனம் இல்லை. அவர் நினைவுத்துணை வைத்துக்கொண்டிருந்தவர். மூளைக்காய்ச்சல், பக்கவாதம் என்று வந்து, புதிதாக எதுவும் மனதில் தங்காமல் போகிறவர்களுக்குக் காதுக்குப் பின்னால் ஒரு பொத்தான் பொருத்துகிறார்கள். அவர்கள் பார்ப்பதையும் கேட்பதையும் அது எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு அவர்கள் நினைக்கும்போது திருப்பிக் கொடுக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் பார்ப்பதைப் பதிவு செய்கிற எதுவும் சட்டத்தின் கண்ணில் பதிவுக் கருவி. டிவியில் படம் ஓடினால் அந்தப் படமும் தலைக்குள் நகலாகப் போய் உட்கார்ந்துவிடும் அல்லவா? அதற்காக ஒவ்வொரு பொத்தானிலும் ஒரு வடிகட்டி வைத்தார்கள். உரிமையுள்ள படம் எதுவாக இருந்தாலும் அது அன்றைக்குள் பூட்டி மறைத்துவிடும். பதிவு பொத்தானுக்குள்ளேயே கிடக்கும், நினைத்தால் வராது.

விசாரணை அன்று அந்த அம்மாள் திருப்பூரிலிருந்து தனியாக வந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. நீதிபதி ஆக்னஸ் முன்னால் நின்று, துணிப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே ஒரு டிஸ்க். மேலட்டையில் 'பல்லடம் ரோடு' என்று படத்தின் பெயர். கீழே சின்ன எழுத்தில், 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும். நகல் எடுப்பது குற்றம்.'

"இதுதானுங்க அந்தப் படம். ஒரிஜினல். கல்யாணமான மறு மாசம் எங்கூட்டுக்காரரு வாங்கியாந்தாரு. அப்பெல்லாம் பஸ் ஸ்டாண்டுல திருட்டு டிஸ்க் கொட்டிக் கெடக்குமுங்க. இவரு மட்டும் கடை தேடிப் போயி வாங்குனாரு. பனியன் கம்பெனில மெக்கானிக்குங்க. திருமூர்த்தின்னு பேரு."

நீதிபதி டிஸ்கைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் முழுக்கக் கீறல்.

"இது ஓடாது போலிருக்கே. நல்லா இருந்தப்பவே ஏன் இன்னொண்ணு எடுத்து வைக்கலை?"

"என்ர தம்பி எடுத்துத் தாரேன்னுதானுங்க மிசினத் தூக்கிட்டு வந்தான். இவரு ஒரே புடியா வேண்டாம்னுட்டாரு. 'தப்புன்னு மேலயே எழுதியிருக்குதில்ல, காசு குடுத்து வாங்குனவன் எதுக்குத் திருட்டுப் பட்டம் வாங்கோணும்'னு கேட்டாரு. நாங்கெல்லாம் சிரிச்சோமுங்க. கொஞ்ச நாள்ல கீறல் விழுந்து ஓடாமயே போச்சு. நான் அந்தப் படத்த ரெண்டு தடவ பாத்துருப்பேன். ரெண்டு தடவையும் பாதியில தூங்கிட்டேன்."

எனக்கு அந்தத் திருமூர்த்தியை உடனே பிடித்துப்போயிற்று. அட்டையில் எழுதியிருப்பதைப் படித்து, அதன்படி நடந்த ஒரு மனிதர். இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒருவரைப் பற்றி நான் கேள்விப்பட்டது அன்றைக்குத்தான்.

"எட்டு வருசத்துக்கு முன்ன எனக்கு மூளைக்காய்ச்சல் வந்துதுங்க. பழசுல பாதி அழிஞ்சு போச்சு. புதுசு ஒண்ணும் தங்கல. இந்தப் பொத்தான வெச்சாங்க. அப்ப ஒரு பாரத்தக் குடுத்து, சொந்தமாப் படம் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களான்னு கேட்டாங்க. இருக்குதுங்க, ஒரிஜினலுன்னு சொன்னேன். பெருமைக்குச் சொன்னதுங்க."

அங்கேதான் தப்பு நடந்தது. திருட்டு டிஸ்க் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். 'பல்லடம் ரோடு' எந்தப் பட்டியலிலும் இல்லாத பழைய படம். இவர் சொல்லாவிட்டால் வடிகட்டிக்கு அது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

"அந்தப் படத்துல பஸ் டிரைவரா வர்றவரு ஒரு மாதிரி இழுத்து இழுத்துப் பேசுவாருங்க. எங்கூட்டுக்காரரு எங்கிட்ட ஆசையா ஏதாச்சும் சொல்லோணும்னா அந்தக் கொரல்லதான் சொல்லுவாரு. அந்தப் பேச்ச மட்டும் இந்தப் பொத்தான் மறைச்சுப் போடுதுங்க. அவரு வாய் அசையறது மங்கலாத் தெரியும். சத்தம் வராது. நான் பதில் சொன்னது மட்டும் நெனப்புல நிக்குது. 'போங்க, படத்து வசனம் பேசிக்கிட்டு'ன்னு சிரிக்கறேன். எதுக்குச் சிரிச்சேன்னு தெரியலீங்க."

"அவர் இருந்தப்ப யாருகிட்டயும் சொல்லலையா?" என்று நீதிபதி கேட்டார்.

"அப்ப அது பெருசாத் தெரியலீங்க. இன்னைக்கு மறைஞ்சா நாளைக்கு மறுபடி சொல்லுவாரு. போன ஆடியில போயிட்டாரு. இப்ப எட்டு வருசத்துல அவரு பேசுனதுன்னு எங்கிட்ட மிச்சம் இருக்கறது, மோட்டார் போட்டியா, சிலிண்டர் வந்துதா, அவ்வளவுதானுங்க."

அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அடுத்ததைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"கடைசி நாளு ஆசுபத்திரியில, மதியம் போல, எங்கையப் புடிச்சுக்கிட்டு நெம்ப நேரம் என்னமோ சொன்னாரு. எல்லாம் மறைஞ்சு போச்சு. நான் அழுதுக்கிட்டே, 'ஏனுங்க இத்தன நாளாச் சொல்லல?'ன்னு கேக்கறேன். அது மட்டும் இருக்குது. அதுக்கு என்னமோ பதில் சொன்னாரு. அதுவும் இல்ல. ஒரு வருசமா அதையேதானுங்க நெனச்சுக்கிட்டுக் கெடக்கறேன். என்னத்த எங்கிட்ட மறைச்சாரு? இன்னொரு குடும்பம் ஏதாச்சும் இருந்துதா? நல்ல மனுசன, செத்ததுக்கு அப்பறம் தப்பா நெனைக்கறனோன்னும் இருக்குதுங்க. எனக்கு அது தெரிஞ்சாகோணும்."

படத்தின் உரிமை நிறுவனத்துக்காக வந்திருந்த வக்கீல் எழுந்தார். சின்ன வயது, நல்ல சட்டை.

"அம்மா வாங்கினது வட்டை மட்டும்தான். படத்தை இல்லை. நகல் எடுக்கிற உரிமை அந்த விலையில் சேராது. வட்டு கெட்டுப்போனா வேற வட்டு வாங்கிக்கலாம்."

"விக்கறீங்களா?" என்று நீதிபதி கேட்டார்.

"இல்லை. இருபது வருஷமா விற்பனையில் இல்லை."

"அப்ப எங்க போய் வாங்குவாங்க?"

வக்கீல் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார்.

"வீட்டுல வெச்சுக்கலாம்னு அட்டையிலயே போட்டிருக்குதுங்க" என்றார் கோகிலவாணி அம்மாள். "என்ர தலையும் என்ர வீடு மாதிரித்தானுங்களே? நான் யாருக்குப் போட்டுக் காட்டப் போறேன்?"

நீதிபதி என் பக்கம் திரும்பி, மறைக்கப்பட்ட பகுதிகளை அசலோடு ஒப்பிட்டு அறிக்கை தரச் சொன்னார். இதில் ஒரு கொடுமை இருக்கிறது. அந்த அம்மாளின் நினைவில் மறைந்துபோனதை அவர் பார்க்கக் கூடாது. முன்பின் தெரியாத நான் பார்க்கலாம். பார்த்ததை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன், நீதிபதிக்கு மட்டும் எழுத்தில் தருவேன் என்று வேலையில் சேர்ந்த அன்றே சத்தியம் செய்திருந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் ஃபர்ஹானா பொத்தானின் பதிவைத் திறந்து கொடுத்தாள். எங்கள் அலுவலகத்தில் யந்திரங்களைப் பற்றிப் புரிகிற மாதிரிப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான்.

"மொத்தம் முந்நூத்து நாப்பத்தொரு இடம் சார். எல்லாமே அவர் வீட்டுக்காரர் பேச்சு."

"எட்டு வருஷத்துக்கு அவ்வளவுதானா? தினமும் சொன்னார்னாங்களே?"

"திரும்பத் திரும்பச் சொன்னதை ஒண்ணாத்தான் சார் எண்ணியிருக்கு. இவங்க அந்தப் படத்தோட பேரைச் சொன்னதும், வடிகட்டிக்கு அதோட ஒலியைக் கொடுத்திருக்காங்க. அது வார்த்தையை மட்டும் கத்துக்கறதில்லை. அந்த நடிகர் எப்படி இழுக்கறார், எங்க நிறுத்தறார்னு அதையும் சேர்த்துக் கத்துக்கும். அந்த ராகத்துல யார் பேசினாலும் மறைச்சிடும். அதே வசனத்தை வேற யாராவது சாதாரணமாச் சொன்னாலும் மறைச்சிடும்."

"இப்ப நான் போய் அந்த அம்மாகிட்ட ஒரு வசனத்தைச் சொன்னா?"

"கேட்டுப்பாங்க. நாளைக்குக் காலையில இருக்காது. எழுத்தைத்தான் அது தொடாது சார். படிச்சது நிக்கும்."

முதலில் படத்தைப் பார்த்தேன். அரசு ஆவணக் காப்பகத்தில் ஒரு பிரதி இருந்தது. ஐந்து பாட்டு, மூன்று சண்டை, தினமும் ஒரே பஸ்ஸில் வருகிற ஒரு பெண், அவளை விரும்புகிற ஓட்டுநர். அவர் குரல் நன்றாகத்தான் இருந்தது. மற்றபடி என்னை அசைக்கிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை.

பிறகு பொத்தானின் பதிவைப் பார்க்கிற தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு முதல் இடத்தைத் திறந்தேன். நான் கோகிலவாணி அம்மாளின் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டில் ஓரம் உட்கார்ந்திருக்கிறார். எண்ணெய்க் கறை போகாத விரல்களோடு ஒரு மனிதர் குனிந்து, காதுக்குப் பின்னால் பொத்தானைச் சரிசெய்கிறார். காலை வெயில் அவர் தோளில் விழுகிறது. சரிசெய்துவிட்டு நிமிர்ந்து, அந்த ஓட்டுநரின் குரலில் இழுத்துச் சொல்கிறார்:

"இன்னைக்கு என்னைய அடையாளம் தெரியுதா அம்மிணி? தெரியலைன்னாப் போச்சாது. மறுக்கா மொதல்ல இருந்து பழகிக்கலாம்."

"போங்க, படத்து வசனம் பேசிக்கிட்டு" என்று அந்த அம்மாளின் குரல் சிரித்தது.

அசலில் தேடினேன். அப்படி ஒரு வசனம் இல்லை. சரி, கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருப்பார் என்று கிட்டத்தட்ட ஒத்துவருகிற வசனத்தைத் தேடினேன். அதுவும் இல்லை. அடுத்ததைத் திறந்தேன். அடுத்ததை. பத்து இடம் பார்த்துவிட்டு, யந்திரம் பழுது என்று ஃபர்ஹானாவிடம் கத்தினேன். அவள் சோதித்துவிட்டு, "யந்திரம் நல்லாத்தான் இருக்கு. நீங்க டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள்.

இருபத்து மூன்றாவது இடத்தில் எனக்கு விளங்கியது. அவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறார். சட்டையில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு அதே குரலில் சொல்கிறார்:

"நிட்டிங் மிசினுல நூலு அத்துப்போச்சுன்னா மிசினு தன்னால நின்னுக்கும் அம்மிணி. யாரும் நிறுத்தோணும்னு இல்ல. நீ ஆசுபத்திரியில கெடந்தப்ப நானும் அப்படித்தான் நின்னுபோயிட்டேன்."

பல்லடம் ரோட்டில் பஸ் ஓட்டுகிறவனுக்குப் பின்னல் யந்திரத்தைப் பற்றி என்ன தெரியும்? அந்த அம்மாள் அதைக் கவனிக்கவே இல்லை. படத்து வசனம் என்று வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு ரசம் ஊற்றினார்.

நான் கவசத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். எனக்கும் ஒரு மனைவி இருந்தாள். இப்படி ஒரு வார்த்தை அவளிடம் நான் சொன்னதில்லை. யாருடைய குரலிலும் சொன்னதில்லை.

மூன்று வாரம் பார்த்தேன். ஒவ்வொன்றாக அசலில் தேடி, 'இல்லை', 'இல்லை', 'இல்லை' என்று எழுதிக்கொண்டே போனேன். முந்நூற்று நாற்பதாவது இடம் ஆசுபத்திரி. அவர் முகம் வற்றிப்போயிருந்தது. மூச்சு வாங்கியது. அப்போதும் அந்த ஓட்டுநரின் இழுவைதான். நடிப்பதற்கு அவரிடம் தெம்பு இல்லை. அத்தனை வருஷத்தில் அந்தக் குரல் அவருக்கே ஒட்டிக்கொண்டுவிட்டது. மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டுமென்றால் அவருக்கு அந்தக் குரல் மட்டும்தான் வந்தது.

"அம்மிணி, ஒண்ணு சொல்லோணும். அந்தப் படத்துல இதெல்லாம் இல்ல. நான் உங்கிட்டச் சொன்னதுல ஒரு வார்த்தகூட இல்ல. எல்லாம் நானாப் பேசுனது. சொந்தமாப் பேசுனா நீ சிரிச்சுப்போடுவியோன்னு படத்து மேல போட்டுட்டேன். உன்ர தம்பி காப்பி எடுத்துத் தாரேன்னு வந்தப்ப வேண்டாம்னதும் அதுக்குத்தான். சட்டமும் இல்ல, கிட்டமும் இல்ல. இன்னொண்ணு இருந்தா நீ எப்பவாச்சும் முழுசாப் பாத்துருவ. அதுல இதெல்லாம் இல்லைன்னு தெரிஞ்சு போயிருமில்ல? அவன் போனதும் டிஸ்க்கத் தேங்கா நாரு போட்டுத் தேச்சதும் நாந்தான்."

கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார்.

"இந்தப் பொத்தான் மறைக்கறப்பவே சொல்லிருக்கோணும். நாந்தான் தெனமும் சொல்றனேன்னு இருந்துட்டேன். நான் போயிட்டா உங்கிட்ட ஒண்ணும் இருக்காது. ஆசுபத்திரியில சொல்லு. இது படத்துல இல்ல, எங்கூட்டுக்காரரு பேசுனதுன்னு சொல்லு. எடுத்து விட்டுருவாங்க."

சொல்லச் சொன்னதையும் சேர்த்துத்தான் அந்தப் பொத்தான் மறைத்துவிட்டது.

"ஏனுங்க இத்தன நாளாச் சொல்லல?" என்று அந்த அம்மாளின் குரல் அழுதது.

முந்நூற்று நாற்பத்தோராவது இடம் அதற்கு அவர் சொன்ன பதில். ஐந்தே வார்த்தை. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பழக்கத்தில் அதையும் அசலில் தேடினேன். எழுபத்தெட்டாவது நிமிடத்தில் இருந்தது. எழுத்துக்கு எழுத்து ஒன்று.

அறிக்கையை எழுதிக் கொடுத்தேன். படத்தில் இல்லாதவை முந்நூற்று நாற்பது. படத்தில் உள்ளது ஒன்று. நீதிபதி படித்துவிட்டு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார்.

"அறவாழி, அந்த ஒண்ணு கடைசியில சொன்னதுதானா?"

"ஆமாம்மா."

"அஞ்சு வார்த்தை. அஞ்சு வார்த்தையைப் பொருட்படுத்த வேண்டாம்னு எங்கயாவது வழி இருக்கா? உங்களுக்குத்தான் சட்டம் தலைகீழாத் தெரியுமே."

அவர் என்னிடம் கேட்டது ஓர் உதவி. அது எனக்கு அப்போதே தெரிந்தது. நான் நினைத்திருந்தால், உச்சரிப்பில் சிறு வேறுபாடு உண்டு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். இத்தனை வருஷத்தில் நாற்பது பேருக்கு நான் மறுத்த சலுகையை இவர் ஒருவருக்கு எப்படிக் கொடுப்பது என்று யோசித்தேன்.

"இல்லைம்மா. சரியாப் பொருந்துது" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சரி" என்றார்.

தீர்ப்பு நாலு பக்கம். காசு கொடுத்து வாங்கிய படமானாலும், வீட்டுக்கானாலும், தலைக்கானாலும், பூட்டைத் திறந்து நகல் எடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. அது சரிதானா என்று சட்டம் செய்கிறவர்கள் யோசிக்க வேண்டும். ஆனால் இந்த முந்நூற்று நாற்பது பேச்சும் படத்தின் சொத்தல்ல. எவர் குரலைப்போலப் பேசியிருந்தாலும் அவை காலஞ்சென்ற திருமூர்த்தியின் சொந்த வார்த்தைகள். அவற்றை அவர் மனைவியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்று மட்டும் மறைந்தபடியே இருக்கும்.

தீர்ப்பை வாசித்து முடித்ததும் கோகிலவாணி அம்மாள் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"படத்துல இல்லீங்களா?"

"இல்லைம்மா" என்றார் நீதிபதி.

"எதுவுமே இல்லீங்களா? நான் எல்லாத்துக்கும் படத்து வசனம்னு சிரிச்சேனுங்களே."

ஃபர்ஹானா அவரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போய்ப் பூட்டை எடுத்துவிட்டாள். நான் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றிருந்தேன். அந்த அம்மாள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முதலில் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு காதுக்குப் பின்னால் கை போயிற்று. அந்த இடத்தைத் தொட்டபடியே உதட்டை அசைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் வேறு ஏதோ பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. ஒரு இடத்தில் மட்டும், "தேங்கா நாரா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை.

மாலையில் நான் படியிறங்கும்போது அவர் வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். டப்பாவும் துணிப்பையும் மடியில் இருந்தன.

"சார், ஒரு வருசமா அந்த மனுசன எப்படியெப்படியோ நெனச்சுப்போட்டேன். இப்பத்தான் நிம்மதி" என்றார். பிறகு, "நான் கேட்டதுக்கு அவரு சொன்ன பதில் மட்டும் வரலீங்க."

"அது படத்துல இருக்கும்மா. அதனாலதான்."

"எல்லாம் சொந்தமாப் பேசிப்போட்டு, கடைசியா ஒண்ணு மட்டும் நெசமாவே படத்துல இருந்துதுங்களா?"

"ஆமாம்."

"நீங்க கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்மா. ஆனா நான் சொல்லக் கூடாது. சொன்னாலும் நாளைக்கு உங்களுக்கு இருக்காது."

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"என்னன்னு சொல்ல வேண்டாமுங்க. நல்ல வார்த்ததானுங்களா?"

நான் தலையை ஆட்டினேன். என் சத்தியத்தின்படி அதுவே தப்பு. பணியில் நான் செய்த முதல் தப்பு அது.

போன மாதம் ஓய்வு பெற்றேன். சத்தியம் ஓய்வு பெறுவதில்லை. சாகும் வரை உண்டு என்று கையெழுத்து வாங்கும்போதே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் அந்த ஐந்து வார்த்தை என் தலைக்குள்ளேயே இருக்கிறது. என் காதுக்குப் பின்னால் பொத்தான் இல்லாததால் அதைத் துடைக்க யாராலும் முடியவில்லை. அவர் மனைவிக்கு இல்லாத நகல் எனக்கு எதற்கு? யாரோ ஒருவர் சாகும்போது தன் மனைவியிடம் சொன்னதை நான் வைத்துக்கொண்டிருப்பதுதான் திருட்டு என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு நீதிபதி அறையிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

அதனால் நடந்ததை முதலிலிருந்து இப்படி எழுதியிருக்கிறேன். எழுத்தை அந்தப் பொத்தான் தொடாது.

படத்தின் எழுபத்தெட்டாவது நிமிடம். அந்தப் பெண் பஸ்ஸின் சன்னலோரம் தூங்கிக்கொண்டிருக்கிறாள். மற்றவர்கள் எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்துவந்து, தொட்டு எழுப்பத் தயங்கி, கம்பியைத் தட்டிச் சொல்கிறார். படம் பார்த்தவர்கள் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவ்வளவு சாதாரணமான வசனம். கேட்ட கேள்விக்கு இது பதிலே இல்லை என்று நானும் முதலில் நினைத்தேன். பிறகு புரிந்தது. ஆசையைச் சொல்ல அந்த மனிதருக்கு முந்நூற்று நாற்பது சொந்தப் பேச்சு இருந்தது. விடைபெற மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. கடன் வாங்கிக்கொண்டார்.

கோகிலவாணி அம்மா, அவர் சொன்னது இதுதான்:

"ஊரு வந்துருச்சுங்க அம்மிணி. பாத்து எறங்குங்க."

கையால் எழுதிய ஒரே பிரதி இது. நாளைக்குக் காலையில் திருப்பூருக்குத் தபாலில் போகிறது. உறையின் மேல், விலாசத்துக்குக் கீழே, வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறேன்.